மீட்டர் 10,000 காட்டட்டும்னு காத்திருக்காதே!

டீசல் ஃபோர் வீல் டிரைவ் வாங்கின தம்பியோ, தானே ஓட்டுற தங்கச்சியோ, எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான். "அக்கா, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும்?"

இப்ப விக்கிற டீசல் வண்டிங்கள்ல பெரும்பாலானதோட புத்தகத்துல 10,000 கி.மீ அல்லது 1 வருஷம், எது முன்னாடி வருதோ அதுன்னு போட்டிருக்கும். அந்த வரியைப் படிச்சதும் புத்தகத்தை மூடிட்டே பாரு, அங்கதான் வம்பு ஆரம்பிக்குது. சில பக்கம் தள்ளிப் புரட்டு. கடுமையான உபயோகம்னு தனியா ஒரு பகுதி இருக்கும். புழுதி ரோடு, அடிக்கடி லோடு, டிரெய்லர் இழுக்கிறது, நின்ன இடத்துல இன்ஜின் ஓடுறது, கொஞ்ச தூரம் போய் உடனே ஆஃப் பண்றது, கொளுத்துற வெயில். இதெல்லாம் இருந்தா சீக்கிரம் மாத்துன்னு அங்க சொல்லியிருக்கும்.

இப்ப நம்ம அனந்தபுரத்துல நின்னு பாரு. செஞ்சி பக்கம் உள்ள ஊருங்களுக்குத் திரும்பினா மண் பாதை. திருவக்கரை, வானூர் பக்கம் போனா குவாரி லாரிங்க கிளப்புற கல் பொடி. அரவை சீசன்ல முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போற கரும்பு வண்டிங்க பின்னாடி ஊர்ந்து ஊர்ந்து போகணும். சித்திரை, வைகாசி வெயிலைப் பத்தி நான் சொல்லவே வேணாம். காலையில வீட்டுல இருந்து கொல்லைக்கு, கொல்லையில இருந்து கடைத்தெருவுக்கு, இன்ஜின் சூடேறுறதுக்குள்ள ஆஃப். புத்தகம் சொல்ற சாதாரண உபயோகம் இதுல எங்கேயும் இல்லை.

அதனால அக்கா சொல்றதைக் கேளு.

1. ஊருக்குள்ளேயும் கொல்லையிலயும் ஓடுற வண்டிக்கு 5,000 கி.மீ அல்லது 6 மாசம். எது முன்னாடி வருதோ அதுதான் கணக்கு. வாரம் பூரா திண்டிவனம், சென்னைன்னு ஜிஎஸ்டி ரோட்டுல ஒரே சீரா ஓடுற வண்டியா இருந்தா புத்தகத்துல சொன்ன 10,000 போதும். அதுக்கும் 5,000-லயே மாத்திக் காசைக் கரைக்காதே. பழைய டிஐ இன்ஜின் போட்ட மகிந்திரா ஜீப்பு, 2020-க்கு முந்தின தார் மாதிரி வண்டிங்களுக்கு எங்க ஓடினாலும் 5,000-தான் என் தீர்ப்பு.

"வண்டி நின்னுக்கிட்டேதானே இருக்கு, ஆறு மாசத்துல 2,000 கூட ஓடலையே"ன்னு சொல்லாதே. ஓடாத வண்டியில ஆயில் அப்படியே இருக்கும்னு யார் சொன்னது? சின்னச் சின்ன ஓட்டத்துல உள்ள சேர்ற ஈரமும், எரியாத டீசலும் ஆவியாகிப் போறதுக்கு ஆயில் நல்லா சூடாகணும். அது நடக்கலைன்னா ரெண்டும் ஆயில்லயே தங்கி அமிலமாகி பேரிங்கை அரிக்கும். கொஞ்சமா ஓடுற வண்டிக்குத்தான் தேதி முக்கியம்.

2. நின்ன இடத்துல ஓடினதையும் கணக்குல சேரு. கிரஷர் வாசல்ல வரிசையில நிக்கிறப்ப ஏசி போட்டு உக்காந்திருப்பே. மீட்டர் நகராது. ஆனா உள்ள ஆயில் உழைச்சுக்கிட்டேதான் இருக்கும். டிராக்டருக்குக் கிலோமீட்டர் கணக்கு இல்லாம மணி கணக்கு வெச்சிருக்காங்களே, காரணம் இதுதான். ஒரு மணி நேரம் சும்மா ஓடினா 40 கி.மீ ஓடினதா எழுதிக்கோ. தினம் ஒரு மணி நேரம் அப்படி நின்னா மாசத்துக்கு 1,200 கி.மீ மீட்டர்ல தெரியாமலேயே போயிருக்கும்.

3. தேதி மறந்து போகுதா? ரெண்டு நாளைப் பிடிச்சுக்கோ. சித்திரை மாசப் பிறப்பு, ஆயுத பூஜை. ரெண்டுக்கும் நடுவுல ஏறக்குறைய ஆறு மாசம். ஒண்ணு கத்திரி வெயிலுக்கு முன்னாடி வருது, இன்னொண்ணு ஐப்பசி மழைக்கு முன்னாடி வருது. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்குறே. நல்லது, செய். அதுக்கு முந்தின வாரமே ஆயிலையும் ஃபில்டரையும் மாத்தி முடிச்சிரு. அன்னைக்கு ஒர்க்‌ஷாப்புல கூட்டம் அலைமோதும். பையன் எந்த போல்ட்டை முறுக்கினான், எதை விட்டான்னு அவனுக்கே தெரியாது.

மாத்தின அன்னைக்கே மீட்டரை செல்போன்ல ஒரு போட்டோ எடு. கதவு உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர்ல தேதி, கி.மீ, ஊத்தின ஆயிலோட பேரும் கிரேடும் எழுதி ஒட்டு. அஞ்சு நிமிஷ வேலை.

4. கறுப்பா இருக்குன்னு பயப்படாதே, பளபளன்னு இருக்குன்னு நம்பாதே. டீசல் இன்ஜின்ல புது ஆயில் ஊத்தி சில நூறு கிலோமீட்டர்லயே கறுத்துப் போகும். கரியைத் தன்கூட சேத்துப் பிடிச்சு வெக்கிறதுதான் ஆயிலோட வேலை. நிறத்தைப் பாத்து மாத்துற நாளை முடிவு பண்ற மெக்கானிக்கை நம்பாதே. நீ பாக்க வேண்டியது கேஜ் கம்பியில மட்டம். சமதரையில வண்டியை நிறுத்தி, ஆஃப் பண்ணி அஞ்சு பத்து நிமிஷம் விட்டு, கம்பியைத் துடைச்சு, திரும்ப விட்டு எடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கணும். மேல் கோட்டைத் தாண்டி ஊத்துறது சிக்கனமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. கிராங்க் அடிச்சு நுரை கட்டும், சீல் வழியா கசியும்.

5. மட்டம் ஏறினா சந்தோஷப்படாதே. குறைஞ்சா எல்லாரும் பதறுறீங்க, ஏறினா விட்டுடுறீங்க. ஏறுறதும் பெரிய ஆபத்துதான். 2020 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 டீசல் வண்டிங்க பலதுல சைலன்சர் வரிசையில டிபிஎஃப்னு கரி பிடிக்கிற வடிகட்டி இருக்கும். அதுல சேந்த கரியை எரிக்க இன்ஜின் கூடுதலா டீசல் பீச்சும். அந்த நேரம் பாத்து நீ வீட்டுக்கு வந்து ஆஃப் பண்ணா எரிப்பு பாதியில நிக்கும், டீசல் கொஞ்சம் வழிஞ்சு ஆயில்ல கலக்கும். மட்டம் ஏறும், ஆயில் நீத்துப் போகும். கம்பியை மோந்து பாரு, டீசல் வாடை அடிச்சா கிலோமீட்டர் பாக்காம மாத்து.

இதைத் தவிர்க்க ஒரு குறுக்குவழி இருக்கு. வாரத்துல ஒரு நாள் விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ போற வேலையை ஒண்ணு சேத்து, பெரிய ரோட்டுல அரை மணி நேரம் நிக்காம ஒரே சீரா ஓட்டு. டிபிஎஃப் தானே சுத்தமாயிடும்.

6. எந்த ஆயில்னு கடைக்காரர் சொல்லக் கூடாது, புத்தகம் சொல்லணும். பழைய இன்ஜினுக்கு 15டபிள்யூ-40 மாதிரி கனமான டீசல் ஆயில் சரியா இருக்கும். டிபிஎஃப் இருக்கிற வண்டிக்கு சாம்பல் கம்மியா விடுற தனி வகை ஆயில் வேணும். பழைய வகையை ஊத்தினா அதோட சாம்பல் வடிகட்டியில அடைச்சுக்கும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. விலை உயர்ந்த ஆயில் ஊத்துறோம், ரெண்டு மடங்கு ஓட்டிக்கலாம்னு கணக்குப் போடாதே. கல் பொடிக்கு ஆயிலோட விலை தெரியாது.

சீல் உடையாத கேனா வாங்கு, பில்லும் வாங்கு. ஊத்தி முடிச்சதும் காலி கேன்ல ஆணியால ரெண்டு ஓட்டை போட்டுட்டு வா. அந்தக் கேன்ல போலி ஆயில் ஊத்தி யாரும் விக்க முடியாது.

7. ஆயில் மாத்தினா ஃபில்டரும் மாத்து. "போன தடவைதான் மாத்தினோம், இந்தத் தடவை ஓட்டிக்கலாம்"கிறது வேணாம். பழைய ஃபில்டருக்குள்ள அரை லிட்டர், முக்கால் லிட்டர் அழுக்கு ஆயில் நிக்கும். அதோடயே புதுசைக் கலக்கவா இத்தனை காசு குடுத்தே? இன்ஜின் சூடா இருக்கும்போதே வடிய விடு, நிதானமா சொட்டுச் சொட்டா முழுசா வடியட்டும். டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடு. கழுவுறேன்னு மண்ணெண்ணெயும் டீசலும் உள்ள ஊத்துறவன் கிட்ட வண்டியை விடாதே.

8. இன்ஜினுக்கு மட்டும்தான் ஆயில்னு நெனைக்காதே. இதுதான் ஃபோர் வீல் டிரைவ் வெச்சிருக்கிறவங்க நிறைய பேர் கோட்டை விடுற இடம், அதனால நிதானமா படி. சாதாரண காருக்கு இன்ஜின், கியர் பாக்ஸ்னு ரெண்டு. உன் வண்டிக்கு அஞ்சு.

- இன்ஜின் ஆயில்
- கியர் பாக்ஸ் ஆயில்
- டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில்
- பின் கிரவுன் ஆயில்
- முன் கிரவுன் ஆயில்

கிரவுனுங்கிறது ஆக்சில் நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியல் பெட்டி. டிரான்ஸ்ஃபர் கேஸுங்கிறது கியர் பாக்ஸ் பக்கத்துல இருக்கிற இன்னொரு பெட்டி. ஃபோர் ஹை, ஃபோர் லோன்னு மாத்துறியே, அந்த வேலை நடக்கிற இடம். முன் கிரவுனை ஒர்க்‌ஷாப்புல ஞாபகம் வெக்கிறதே இல்லை, ஏன்னா அங்க வர்ற பத்து வண்டியில ஒம்போதுக்கு அது கிடையாது. நீதான் வாயைத் திறந்து கேக்கணும்.

ஒவ்வொரு 10,000 கி.மீ-க்கும் இன்ஜின் தவிர மத்த நாலு பெட்டியிலயும் மட்டம் பாக்கச் சொல்லு. 40,000 கி.மீ-ல நாலையும் மாத்து. லோடு அதிகம், சேத்துல அதிகம் இறங்குதுன்னா 20,000 கி.மீ-லயே மாத்தினா தப்பில்லை. இந்த ஆயிலுங்க ரொம்ப நாள் உழைக்கும், அதனால மொத்தச் செலவு நீ பயப்படுற அளவுக்கு வராது. ஒரு கிரவுன் பல்லு தேஞ்சு ஊளையிட ஆரம்பிச்சா வர்ற செலவுதான் பயப்பட வேண்டியது.

இதுல மூணு விஷயம் மெக்கானிக் கிட்ட கறாரா சொல்லு. ஒண்ணு, வடிக்கிற போல்ட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஊத்துற போல்ட் திறக்குதான்னு பாக்கச் சொல்லு. துருப்பிடிச்சு அது திறக்கலைன்னா, வடிச்ச வண்டி காலியா நிக்கும், நகர்த்தவும் முடியாது. ரெண்டு, கிரவுனுக்கு வாங்கின ஆயிலையே கியர் பாக்ஸ்லயும் ஊத்த விடாதே. கிரவுனுக்கு ஜிஎல்-5 வகை. கியர் பாக்ஸுக்குப் பல வண்டியில ஜிஎல்-4 கேக்கும். அங்க ஜிஎல்-5 போனா உள்ள இருக்கிற பித்தளை வளையங்களை அரிச்சுடும், கியர் விழாம முரண்டு பிடிக்கும். சில டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ரெண்டும் இல்லாம ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் ஊத்தணும். மூணாவது, வடிக்கிற போல்ட்டோட நுனியில காந்தம் இருந்தா துடைச்சுப் பாக்கச் சொல்லு. மாவு மாதிரி கறுப்பா ஒட்டியிருந்தா அது சாதாரணத் தேய்மானம். கையில குத்துற துண்டு இருந்தா அன்னைக்கே பெட்டியைத் திறந்து பாத்துடணும்.

9. தண்ணியில இறங்கின வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததை மறந்திருக்க மாட்டே. நம்ம மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ கொட்டித் தீத்துது. அதுக்கப்புறம் தென்பெண்ணை பெருகி அரசூர் பக்கம் திருச்சி ரோட்டுலயே வெள்ளம் ஏறி போக்குவரத்து நின்னுது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல பாலத்துல தண்ணி ஏறினதால ரயிலையே நிறுத்தினாங்க. அந்த மாதிரி நேரத்துல பால், மருந்து, சாப்பாடுன்னு ஊருக்கு உதவுறது ஃபோர் வீல் டிரைவ் வண்டிங்கதான். உதவப் போறதைத் தடுக்க மாட்டேன், போ. வந்ததும் நான் சொல்றதைச் செய்.

ஓடி வந்த வண்டியில கிரவுன் பெட்டி சூடா இருக்கும். அதைக் குளிர்ந்த தண்ணிக்குள்ள இறக்கினா உள்ள இருக்கிற காத்து சட்டுனு சுருங்கும். அந்த உறிஞ்சல்ல சீல் ஓரமாவும், பிரீதர் வழியாவும் தண்ணி உள்ள போகும். பிரீதருங்கிறது கிரவுன் மேல காத்து போய் வர்ற சின்ன மூடியோ குழாயோ. அது மண் அடைச்சிருந்தா சீல் வழியா இன்னும் வேகமா இழுக்கும். ஆக்சில் முழுகுற அளவுக்குத் தண்ணியில நின்னிருந்தா ரெண்டு நாளைக்குள்ள நாலு பெட்டியிலயும் கொஞ்சம் ஆயிலை வடிச்சுப் பாரு. பால் டீ நிறத்துல வந்தா தண்ணி கலந்திருக்கு. அப்படியே ஓட்டாம மொத்தமா வடிச்சுப் புதுசு ஊத்து. தண்ணி ரொம்பவே போயிருந்தா, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு இன்னொரு தடவையும் மாத்தணும். முன் வீல் ஹப் பேரிங் பிரிக்கிற வகையா இருந்தா அதையும் பிரிச்சு, கழுவி, புது கிரீஸ் வெச்சு மாட்டணும். பிரேக்கையும் கழட்டிச் சுத்தம் பண்ணச் சொல்லு.

எவ்வளவு ஆழம் தாங்கும்னு உன் வண்டிப் புத்தகத்துல இருக்கும். 2020-ல வந்த தாருக்கு 650 மி.மீ, அதாவது ரெண்டடிக்குக் கொஞ்சம் மேல. அதுவும் நின்ன தண்ணிக்குச் சொன்னது. ஓடுற தண்ணி அந்த ஆழத்துல வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிடும், சங்கராபரணி வெள்ளத்துல இறங்கி வீரத்தைக் காட்டாதே.

இது ரொம்ப முக்கியம்: தண்ணிக்குள்ள இன்ஜின் நின்னு போச்சுன்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணாதே. ஒரே ஒரு தடவைகூட சாவியைத் திருப்பாதே. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. பிஸ்டன் மேல தண்ணி நின்னா கனெக்டிங் ராடு வளைஞ்சுடும், முழு இன்ஜினையும் இறக்கணும். பேட்டரியைக் கழட்டிட்டு, கயிறு கட்டி இழுத்துக்கிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போ.

10. ஃபோர் வீல் லிவரை மாசத்துக்கு ஒரு தடவையாவது போடு. வருஷம் பூரா டூ வீல்லயே ஓட்டிட்டு, சேத்துல மாட்டினப்ப லிவரை இழுத்தா அசையாது. முன் கிரவுனும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சுத்தினாத்தான் ஆயில் உள்ள எல்லா இடத்துக்கும் தெறிச்சுப் பரவும், சீலும் காயாம இருக்கும். மாசத்துக்கு 16 கி.மீ-யாவது ஃபோர் வீல்ல ஓட்டச் சொல்லி டொயோட்டாவோட புத்தகத்துலயே இருக்கு. ஆனா காஞ்ச தார் ரோட்டுல போடாதே. திரும்புறப்ப முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் ஓடணும். சகதியிலயும் மண்ணுலயும் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிபண்ணிக்கும், தார்ல வழுக்காது. முறுக்கம் மொத்தமும் கியருக்குள்ள ஏறும். கொல்லைக்குப் போற மண் பாதை உனக்கு இருக்கே, அங்க போட்டுக்கோ.

11. ஏர் ஃபில்டரை ஆயிலை விட அதிகமா கவனி. கல் குவாரி ரோட்டுல பறக்கிறது வெறும் புழுதி இல்லை, கருங்கல் பொடி. அது ஒரு சிட்டிகை உள்ள போனாலும் பிஸ்டன் ரிங்கைத் தேய்ச்சுடும். குவாரிப் பக்கம் தினம் போற வண்டிக்கு மாசா மாசம் திறந்து பாரு. கம்ப்ரஸர் காத்தை மெதுவா, உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா அடிக்கணும். வெளியில இருந்து அடிச்சா பொடியைக் காகிதத்துக்குள்ள ஆணியடிச்ச மாதிரி ஏத்திடுவே. காகித ஃபில்டரைத் தண்ணியில அலசாதே. மாட்டினப்புறம் கிளிப் எல்லாம் சரியா விழுந்திருக்கான்னு ஒரு தடவை அமுக்கிப் பாரு.

12. டீசல் ஃபில்டர்ல தண்ணியை வடி. புதுச்சேரி எல்லையில விலை கம்மின்னு கேன்ல பிடிச்சு வெச்சுக்கிற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு. கேன்ல ரொம்ப நாள் நின்னா ஈரமும் தூசியும் சேரும். இப்ப வர்ற காமன் ரயில் இன்ஜின்ல இன்ஜெக்டர் ஓட்டை ரொம்ப நுணுக்கம், அதுக்குத் தண்ணிதான் முதல் எதிரி. ஃபில்டருக்கு அடியில இருக்கிற திருகைத் தளர்த்தினா தண்ணி வடியும். டேஷ் போர்டுல அதுக்கான விளக்கு எரிஞ்சா அன்னைக்கே வடி. அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்னு விடாதே.

13. டிஇஎஃப் டேங்க்ல உர மூட்டை யூரியாவைக் கரைச்சு ஊத்தவே ஊத்தாதே. சில பிஎஸ் 6 வண்டியில தனியா நீல மூடி போட்ட ஒரு டேங்க் இருக்கும். அதுல ஊத்துறதும் யூரியாக் கரைசல்தான், 32.5 சதவீதம், ரொம்பச் சுத்தமான தண்ணியில கரைச்சது. "நம்ம வீட்டுலயே மூட்டை இருக்கே"ன்னு யாராவது யோசனை சொன்னா காதுல வாங்காதே. உரத்துல இருக்கிற மத்த சரக்கெல்லாம் படிகமாகி பம்பையும் நாசிலையும் அடைச்சுடும். சீல் போட்ட கேன்தான் வாங்கணும்.

14. ரேடியேட்டர்ல போர் தண்ணி வேணாம். நம்ம பக்கத்துப் போர் தண்ணி உப்பு. உள்ள வெள்ளையா படிஞ்சு வழியை அடைக்கும். ரெடியா கலந்து விக்கிற கூலன்ட் ஒரு லிட்டர் எப்பவும் வண்டியில இருக்கட்டும். ரெண்டு நிறத்தைக் கலக்காதே.

15. டர்போ இருக்கிற வண்டியை ஸ்டார்ட் பண்ணதும் உறுமாதே. ஆயில் டர்போவுக்கு ஏறிப் போக கொஞ்சம் நேரம் வேணும். லோடோட வேகமா வந்து நிறுத்தினா ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டுட்டு ஆஃப் பண்ணு. சூடான டர்போவுக்குள்ள நிக்கிற ஆயில் கருகிப் போகாம இருக்கும்.

16. கிரீஸ். புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்ல நிப்பிள் இருந்தா 5,000 கி.மீ-க்கு ஒரு தடவை அடி. தண்ணியில, சேத்துல இறங்கினா அடுத்த நாளே அடி. முன் சக்கரத்து உள்பக்கம் ஆக்சில் ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கான்னு குனிஞ்சு பாரு. ரப்பர் கொஞ்சம் காசு, ஜாயின்ட் நிறைய காசு.

17. டைமிங் பெல்ட்டா, செயினான்னு தெரிஞ்சுக்கோ. 2009-ல இருந்து சில வருஷம் வந்த பழைய 3.0 லிட்டர் ஃபார்ச்சூனர்ல பெல்ட்தான், 1,50,000 கி.மீ-ல மாத்தியே ஆகணும். அப்புறம் வந்த 2.8 லிட்டர்ல செயின். பழைய வண்டி வாங்கினவங்க இதை முதல்ல விசாரிங்க. பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும்.

பழைய வண்டின்னு சொன்னதும் இன்னொண்ணு. செகண்ட் ஹேண்ட் வாங்கினா, வித்தவர் "போன மாசம்தான் சர்வீஸ் பண்ணேன்"னு சொன்னாலும் பில் இல்லைன்னா நம்பாதே. அஞ்சு ஆயிலையும் எல்லா ஃபில்டரையும் மாத்தி, அன்னைக்கு மீட்டரை எழுதி, உன் கணக்கை அங்க இருந்து ஆரம்பி.

18. வாட்டர் சர்வீஸ் விட்டா சர்வீஸ் முடிஞ்சுதுன்னு வீட்டுல சொல்லாதே. கழுவினது கழுவினதுதான். அதிலயும் பிரீதர் மேலயும், ஏர் ஃபில்டர் பெட்டி மேலயும், வயர் சாக்கெட் மேலயும் பிரஷர் தண்ணியை அடிக்க விடாதே.

19. ஒர்க்‌ஷாப்புல சாவியைக் குடுத்துட்டு ஓடாதே. அரை மணி நேரம் நில்லு. பழைய ஃபில்டரைக் கையில வாங்கிப் பாரு. "முன் கிரவுன் பாத்தியா தம்பி? டிரான்ஸ்ஃபர் கேஸ் பாத்தியா?"ன்னு பேர் சொல்லிக் கேளு. கேக்கிற வண்டிக்கு ஒரு கவனம், கேக்காத வண்டிக்கு ஒரு கவனம், எல்லா ஊர்லயும் அப்படித்தான். பெண் பிள்ளைக்கு என்ன தெரியும்னு யாராவது அலட்சியமா பேசினா, கேஜ் கம்பியை நீயே இழுத்துக் காட்டு தங்கச்சி. வாரன்டி இருக்கிற வரைக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டர்லயே விட்டு, பில்லை ஒண்ணு விடாம ஃபைல் பண்ணு. நடுவுல 5,000-ல நீயா மாத்துற ஆயிலுக்கும் பில் வை.

20. வடிச்ச ஆயிலைக் கொல்லையில ஊத்தாதே. கரையான் வரக் கூடாதுன்னு கம்பத்துக்குப் பூசுறது, வாய்க்கால் ஓரம் கொட்டுறது ரெண்டும் வேணாம். பழைய ஆயில்ல உலோகத் துகளும் புற்றுநோய் வரவழைக்கிற சரக்கும் இருக்கு. மத்திய அரசோட 2016 விதிப்படி அது அபாயக் கழிவு. மண்ணுல இறங்கினா உன் கிணத்துக்குத்தான் வரும், அந்தத் தண்ணியைத்தான் மாடும் குடிக்கும், பிள்ளைங்களும் குடிக்கும். கேன்ல பிடிச்சு ஒர்க்‌ஷாப்புல குடு, சேத்து வாங்கிக்கிட்டுப் போக ஆள் வருவாங்க. கையில பட்டா சோப்பு போட்டுக் கழுவு.

இவ்வளவையும் மனசுல வெச்சுக்க முடியலைன்னா இப்ப ஒண்ணே ஒண்ணு செய். வண்டிக்குப் போய் சர்வீஸ் பில்லுங்களை எடு. முன் கிரவுன் ஆயிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலும் கடைசியா எப்ப மாத்தினேன்னு தேடு. எந்தப் பில்லுலயும் அது இல்லைன்னா, நாளைக்குக் காலையில மெக்கானிக்குக்கு போன் போட்டு நாள் குறிச்சிடு. மழைக்கு முன்னாடியே.